கல்லும் பாட்டும்: எலூசிஸ் அன்னையும் அங்காளம்மையும்



காவேரிப்பட்டினம் என்ற பெயரைக் கேட்டதும் வெளியூர் அன்பர்கள் பலர் பூம்புகாரை நினைத்துக்கொள்வது இயல்பு. பெயரில் காவிரி இருந்தாலும் இவ்வூரைத் தழுவி ஓடுவது தென்பெண்ணை. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் எல்லைப்புற ஊர் இது. 1767-ஆம் ஆண்டில் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் மூண்ட முதல் மைசூர்ப் போரில் இவ்வூர் கைமாறியதைச் சரித்திர நூல்கள் குறித்துள்ளன. ஆயினும் இவ்வூரை நாடறியச் செய்தது போரன்று. மாசித் திங்களில், மகா சிவராத்திரியை அடுத்து, அங்காளம்மனுக்கு எடுக்கப்பெறும் மயானக் கொள்ளை விழாவே அதனைச் செய்தது.

பெயர் ஒற்றுமையை முற்றிலும் தள்ளிவிடவும் வேண்டியதில்லை. மற்றைய பட்டினமாகிய புகாரிலும் ஒரு புகழ்பெற்ற சுடுகாடு இருந்தது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை அதனை விரித்துரைக்கிறது. அங்கே காடமர் செல்விக்கு ஒரு பெருங்கோயில் இருந்தது. வழி தவறி அக்காட்டில் புகுந்த சார்ங்கலன் என்னும் இளைஞன், தலையொன்றைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு அஞ்சி உயிர்விட்டான். அவன் தாய் கோதமை, பிள்ளையின் உடலைச் சுமந்து சென்று, ஊர்காக்கும் சம்பாபதியின் வாயிலில் நியாயம் கேட்டாள். போன உயிரை எந்தத் தெய்வத்தாலும் மீட்டுத் தர இயலாது என்பதே அவளுக்குக் கிடைத்த விடை. சுடுகாடு, அதனை ஆளும் பெண்தெய்வம், பிள்ளைக்காக வாதாடும் தாய் ஆகிய மூன்றும் தமிழ்க் கவிதையில் ஒன்றுகூடிய இடம் அது. மூன்றும் ஒன்றுகூடும் இன்னோர் இடம் அங்காளம்மையின் கதை.

அக்கதையின் சுருக்கம் இது. பிரமனுக்கு முதலில் ஐந்து தலைகள் இருந்தன. அவற்றுள் ஒன்றைச் சிவன் கிள்ளினான். கிள்ளிய தலை அவன் கையிலேயே ஒட்டிக்கொண்டது. இட்ட பிச்சையையெல்லாம் அக்கபாலமே உண்டுவிட, பசியோடும் பித்தோடும் அவன் சுடுகாடுகளில் அலைந்தான். உமையும் சாபத்தால் உருவிழந்து அலைந்து, மலையனூரில் புற்றாக அமர்ந்தாள். சிவன் அவ்விடம் வந்தபோது சோறாக்கி இரண்டு கவளங்களைக் கபாலத்தில் இட்டாள். மூன்றாவதைத் தரையில் இறைத்தாள். சோற்றின் சுவைக்கு மயங்கிய கபாலம் கையை விட்டு மண்ணில் இறங்கியது. அந்த நொடியில் அம்மை பேருருக் கொண்டு அதனைக் காலால் மிதித்து அடக்கினாள். பித்துப் பிடித்த கணவன் தெளிந்தான். மயானத்தில் சோற்றையும் தானியத்தையும் இறைப்பதற்கு இக்கதையே காரணமாகச் சொல்லப்படுகிறது.

இத்தெய்வத்தின் தலைமைப் பதியாகப் போற்றப்படுவது விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர். அங்கே பருவதராச குலத்தார் எனப்படும் செம்படவ மரபினரே வழிவழியாகப் பூசை செய்து வருகின்றனர். அமாவாசைதோறும் இரவில் நடைபெறும் ஊஞ்சல் விழாவுக்கு மக்கள் திரள்கின்றனர். மாசியில் கொள்ளைவிழா மேல்மலையனூரில் மட்டுமன்றி அங்காளம்மன் அமர்ந்த ஊர்கள் பலவற்றிலும் நடைபெறுகிறது. அவற்றுள் காவேரிப்பட்டினம் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. காளி வேடமும் பேய் வேடமும் புனைந்த அடியவர்கள் தெருக்கள் வழியே செல்வர். பம்பையும் உடுக்கையும் முழங்கும். அருள் வந்தோர் உயிருள்ள கோழியைக் கடிப்பதும் உண்டு. மயானத்தில் மண்ணால் ஓர் உருவம் கிடத்தப்பெறும். அவித்த பயறு, தானியம், காய்கனி, காசு எல்லாம் இறைக்கப்பெற, கூட்டம் அதனை அள்ளும். பிள்ளை வேண்டுவோரும் நோயுற்றோரும் அங்கிருந்து ஒரு பிடி மண்ணோ சாம்பலோ எடுத்துச் செல்வர். மண்ணுருவம் அன்றே சிதைந்துவிடும். மறு ஆண்டு மீண்டும் புதிதாகக் கிடத்தப்பெறும்.

இதற்கு வரலாறு எழுதப் புகுவோர் முதலில் தேடுவது கல்வெட்டையே. பெருங்கோயில்களின் சுவரில் மன்னன் மெய்க்கீர்த்தியும் நிலக்கொடையும் விளக்குக்கு விட்ட ஆடுகளின் கணக்கும் உண்டு. அங்காளம்மன் கோயில்களில் அவ்வகைச் சான்றுகளைத் தேடுவோர் பெரும்பாலும் வெறுங்கையோடே திரும்புவர். எவலின் மேயர் என்னும் ஆய்வாளர் இத்தெய்வத்தின் புராணங்களையும் வழிபாட்டையும் ஆராய்ந்து 1986-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். பூசாரிகளும் பாடகர்களும் வாய்மொழியாகச் சொன்ன கதைகளே அவ்வாய்வின் உயிர்நாடி. அங்காளம்மையின் ஆவணக்காப்பகம் மனிதக் குரல்தான்.

குரலை நம்பிய வரலாறு உறுதியானதா, கல்லை நம்பிய வரலாறு உறுதியானதா என்பது கவிஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி. கல் மிகுதியாக இருந்த ஒரு தெய்வத்தின் கதையை இதனருகே வைத்துப் பார்த்தால் விடை ஓரளவு விளங்கும். அத்தெய்வம் கிரேக்க நாட்டு டிமீட்டர். விளைச்சலின் அன்னை. ஏதென்ஸ் நகருக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் உள்ள எலூசிஸ் அவளுடைய தலைமைப் பதி.

அவள் கதையும் ஒரு தாயின் கதையே. பூப்பறித்துக்கொண்டிருந்த மகள் பெர்சிபோனியைப் பாதாள உலகின் அரசன் ஹேடிஸ் கவர்ந்து சென்றான். மகளைக் காணாத தாய், உண்ணாமலும் நீராடாமலும் கையில் தீவட்டி ஏந்தி ஒன்பது நாள் அலைந்தாள். பிறகு கிழவியின் உருக்கொண்டு எலூசிஸ் கிணற்றடியில் வந்து அமர்ந்தாள். அவ்வூர் அரசன் மகளிர் அவளை அரண்மனைக்கு அழைத்துச் சென்று, தம்பியை வளர்க்கும் செவிலியாக அமர்த்தினர். துயரத்தில் இருந்த அவள் திராட்சை மதுவை மறுத்து, வாற்கோதுமை மாவும் நீரும் மணத்தழையும் கலந்த கூழைக் கேட்டு வாங்கிக் குடித்தாள். கேழ்வரகுக் கூழைக் குடம் குடமாக அம்மனுக்கு வார்க்கும் மண்ணில் பிறந்தவர்களுக்கு இச்செய்தி அயலாகத் தோன்றாது. பின்னர் அவள் சினத்தால் உலகெங்கும் விளைச்சல் நின்றது. மகள் ஆண்டில் இரண்டு பங்கு தாயிடமும் ஒரு பங்கு பாதாளத்திலும் வாழ்வது என்று உடன்பாடு ஏற்பட்ட பிறகே மண் மீண்டும் பசுமை கொண்டது.

எலூசிசில் அவளுக்கு எழுந்த மண்டபம் சிறியதன்று. பாரசீகர் அழித்த பின், பெரிக்கிளிஸ் காலத்தில், பார்த்தினன் கோயிலை அமைத்த சிற்பி இக்தினோசின் கைவண்ணம் அதில் சேர்ந்தது. ஆயிரக்கணக்கானோர் ஒருங்கே அமர்ந்து மறைவிழாவைக் காணும் அளவுக்குத் தூண்கள் நிறைந்த மண்டபம் அது. ஆண்டுதோறும் இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஏதென்சிலிருந்து புனிதப் பாதை வழியாக ஊர்வலம் புறப்படும். ஆற்றுப் பாலமொன்றைக் கடக்கும்போது, பெரிய மனிதர்களையும் விடாமல் கூச்சமற்ற சொற்களால் ஏசுவது அவ்வூர்வலத்தின் மரபு. கிரேக்கம் பேசத் தெரிந்தவராக, கொலைப்பழி இல்லாதவராக இருந்தால் அடிமையும் பெண்ணும்கூட அவ்விழாவில் சேரலாம். பூசை செய்யும் உரிமை இரு குடிகளுக்கு மட்டுமே உரியது. அவற்றுள் ஒன்றான யூமோல்பிதர் குடியின் முன்னோன் யூமோல்போஸ். அப்பெயருக்கு ‘நன்றாகப் பாடுபவன்’ என்பது பொருள்.

இரண்டு தெய்வங்களுக்கும் இடையே வியக்கத்தக்க நெருக்கம் ஒன்று உண்டு. கிராமங்களில் பாடப்படும் வல்லாளராசன் கதையில் அம்மை மருத்துவச்சியாக உருமாறி அரண்மனைக்குள் நுழைகிறாள். அரசி நிறைமாதக் கர்ப்பிணி. பிறக்கும் பிள்ளை தரையில் பட்டால் உலகுக்குக் கேடு என்பது விதி. அம்மை குழந்தையைத் தரை படாமல் கையில் உயர்த்திப் பிடித்து, கொடுங்கோலனையும் அவன் குடியையும் அழிக்கிறாள். பெரியாச்சி சிலையில் இன்றும் காணப்படும் கோலம் இதுவே. சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலிலும் அவளுக்கு இடமுண்டு. பிறந்து ஒரு மாதமான குழந்தைகளைத் தாய்மார் அங்கே கொண்டுவருகின்றனர். எலூசிஸ் கதையிலோ செவிலியாக வந்த டிமீட்டர், அரசகுமாரனைச் சாவில்லாதவனாக்கக் கருதி இரவுதோறும் நெருப்பில் வைக்கிறாள். பெற்ற தாய் அதைக் கண்டு அலறவே, சினந்து பிள்ளையைத் தரையில் இட்டுவிடுகிறாள். அதனால் அவன் மற்ற மனிதரைப் போல் இறக்கவேண்டியவன் ஆகிறான். அங்கே தரையைத் தொட்ட பிள்ளைக்குச் சாவு வந்தது. இங்கே தரையைத் தொட்டால் உலகுக்கே சாவு.

இதைக் கொண்டு கிரேக்கத் தெய்வம் தமிழகத்திலிருந்து போனது என்றோ, அங்காளம்மை யவனர் கப்பலில் வந்தாள் என்றோ முடிவுகட்டுவது ஆய்வு ஆகாது. யவனர் வணிகம் உண்மை. மதுச்சாடிகளும் காசுகளும் வந்ததும் உண்மை. தெய்வம் கப்பலேறியதற்குச் சான்று இல்லை. பிள்ளைப்பேறும் சாவும் விதைப்பும் எல்லா மண்ணிலும் உண்டு. அவற்றின் அருகே நின்ற பெண்களும், அவர்களைப் பாடிய வாய்களும் எங்கும் உண்டு. ஒப்புமை உறவுமுறைக்குச் சான்றன்று. மனித அனுபவத்தின் ஒருமைக்கே சான்று. மேடைதோறும் மூத்த குடி என்று முழங்குவோர் இந்த வேறுபாட்டை மறப்பதால் தமிழுக்குப் பெருமை கூடுவதில்லை.

வல்லாளன் என்ற பெயரும் அவ்வாறே நிதானமாகப் பார்க்கத்தக்கது. போசள மன்னர் சிலர் அப்பெயர் பூண்டவர். கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குந்தாணி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போசள இராமநாதனின் தலைநகராக விளங்கியது. பிற்காலத்தில் மூன்றாம் வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்து ஆண்டு, 1340-களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானால் கொல்லப்பட்டான். திருவண்ணாமலைத் தல மரபில் வல்லாள மகாராசன் பிள்ளையில்லாத பெரும் பக்தன். அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக நின்று மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் நீர்க்கடன் செய்கிறார். அதே மாசியில், அங்காளம்மன் பாட்டில், வல்லாளன் என்ற பெயருடையவன் வயிற்றுப் பிள்ளையோடு குடியிழக்கும் கொடியவன். இருவரும் ஒருவரே என்று நிறுவ முடியாது. ஆனால் அரசர் கோயிலின் நினைவும் ஆற்றங்கரைச் சுடுகாட்டின் நினைவும் ஒரே பெயரை இருவேறு விதமாக வைத்திருப்பது கவிஞனுக்கு அரிய செய்தி. கல்வெட்டை மட்டும் படித்தவனுக்கு இரண்டாவது வல்லாளனைத் தெரியவே தெரியாது.

எலூசிசுக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது? அங்கே மண்டபத்துள் நடந்ததை வெளியில் சொல்வது மரண தண்டனைக்குரிய குற்றம். எலூசிசிலேயே பிறந்த நாடகப் பெருங்கவிஞர் ஈஸ்கிலஸ்மீதும் மறையை வெளியிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. கிரேக்கத் தலங்கள் ஒவ்வொன்றையும் சுற்றி எழுதிய பாசனியாஸ், எலூசிஸ் மதிலுக்குள் உள்ளவற்றை எழுதக்கூடாதெனக் கனவு தடுத்ததாகச் சொல்லி எழுதுகோலை வைத்துவிட்டார். சொல்லாமை அவ்வழிபாட்டுக்குப் பெருமை தந்தது. முடிவில் அதுவே அதற்குக் கூற்றாயிற்று. 392-இல் பேரரசன் தியோடோசியஸ் பழைய தெய்வங்களுக்குப் பலியும் பூசையும் கூடாதென ஆணையிட்டான். 396-இல் அலாரிக்கின் கோத்தியப் படை வந்தபோது எலூசிஸ் வீழ்ந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அம்மண்டபத்தில் ஒலித்த சொல் என்ன, பாட்டு என்ன என்று இன்று எவராலும் சொல்ல இயலாது. தூணின் அடிக்கற்கள் இருக்கின்றன. ‘நன்றாகப் பாடுபவன்’ குடியின் பாட்டு இல்லை.

கதை மட்டும் பிழைத்தது. அதுவும் மயிரிழையில் பிழைத்தது. டிமீட்டரைப் போற்றி ஹோமர் பெயரால் வழங்கும் நெடும்பாட்டு முழுமையாகக் கிடைத்திருப்பது ஒரே ஒரு சுவடியில். 1777-இல் மாத்தேய் என்ற செருமானிய அறிஞர் அச்சுவடியை மாஸ்கோ நகரில் கண்டெடுத்தார். அது கால்நடைத் தொழுவத்தில் கிடந்ததாகச் சொல்லப்படுகிறது. உ.வே. சாமிநாதையர் பரணிலும் குப்பையிலும் ஏடு தேடிய வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இந்தச் செய்தி உடம்பைச் சிலிர்க்கச் செய்யும். அந்தச் சுவடி அழிந்திருந்தால் கிணற்றடிக் கிழவியும் கூழும் நெருப்பில் வைத்த பிள்ளையும் இத்தனை விரிவாக உலகுக்குக் கிடைத்திருக்கமாட்டார்கள்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஆணை பிறந்து 1400 ஆண்டுகளுக்குப் பின், 1801-இல், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்வர்ட் கிளார்க் எலூசிசுக்கு வந்தார். அவ்வூர்க் குடியானவர்கள் எருக்குவியலில் பாதி புதைந்த ஒரு பெண் சிலையை வணங்கிக்கொண்டிருந்தனர். அவள் இருக்கும்வரையே நிலம் விளையும் என்பது அவர்கள் நம்பிக்கை. கிளார்க் துருக்கிய அதிகாரியிடம் ஒப்புதல் பெற்றுச் சிலையைப் பெயர்த்தார். முதல் நாள் ஒரு மாடு கட்டறுத்து வந்து சிலையை முட்டியது. தெய்வம் போக மறுக்கிறது என்று ஊர் நடுங்கியது. சிலையைச் சுமந்த கப்பல் இங்கிலாந்துக் கரையருகே உடைந்தது. சிலை மீட்கப்பட்டுக் கேம்பிரிட்ஜ் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது. ஆராய்ந்தபோது அது டிமீட்டரே அன்று என்றும், தலையில் கூடை சுமந்து வாயிலைத் தாங்கிய ஏவற்பெண்ணின் சிலை என்றும் தெரிந்தது. பாட்டும் பூசையும் பறிபோன பிறகும், யாரென்று தெரியாத ஒரு கல்லுக்கு எருவிட்டு விளைச்சலைக் காத்துக்கொண்டவர்கள் அந்த மக்கள். நம்பிக்கை இருந்தது; அதற்குரிய சொல் இல்லை.

காவேரிப்பட்டினத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. இங்கே மறைப்பதற்கு எதுவும் இல்லை. நடப்பது முழுவதும் தெருவிலும் மயானத்திலும் எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. காக்கவேண்டிய கல்லும் இல்லை. மண்ணுருவம் ஆண்டுதோறும் சிதைவதற்காகவே செய்யப்படுகிறது. அரசாணையாலும் இதனை எளிதில் நிறுத்த இயலாது. தமிழகத்தில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு 2003-இல் ஆணை பிறந்தது. சிறுதெய்வக் கோயில் மக்களிடையே பெரும் எதிர்ப்பு எழுந்தது. மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. பலியைப் பற்றி ஒவ்வொருவர்க்கும் ஒரு கருத்து இருக்கலாம். இரக்கமுள்ள நெஞ்சம் வருந்துவதில் தவறும் இல்லை. ஆனால் தியோடோசியசால் முடிந்தது இங்கே முடியவில்லை என்பது வரலாறு.

ஆயினும் ஆணை எதுவும் இல்லாமலே பாட்டு போய்விடக்கூடும். கரகம் சோடிக்கும்போதும் அம்மனை அழைக்கும்போதும் பம்பை, உடுக்கை, சிலம்போடு பாடப்படும் வருணிப்பே இவ்வழிபாட்டின் நெஞ்சுக்கூடு. அது இன்ன ஊரிலிருந்து இன்ன வழியாக வா என்று அம்மையை அழைக்கும். முடி முதல் அடி வரை அவளைப் புனையும். கபாலத்தின் கதையையும் வல்லாளன் கதையையும் விரிக்கும். இறுதியில் குறி சொல்லும். ஒவ்வொரு பாடகரும் குருவிடம் கேட்ட பாடத்தைத் தம் ஊருக்கேற்ப வளர்த்தவர். இன்று ஒலிபெருக்கியில் பதிவுசெய்யப்பட்ட அம்மன் பாட்டு முழங்குகையில், நேரில் பாடுபவரின் குரல் அதற்குள் அமிழ்ந்துவிடுகிறது. இரவு முழுதும் பாடியது ஒரு மணி நேரமாகச் சுருங்கினால் முதலில் உதிர்வது கதைப்பகுதி. பாடகரின் மகன் ஓசூர்த் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவது குற்றமன்று; அது வாழ்வு. ஆனால் பாட்டு அவனோடு பேருந்து ஏறுவதில்லை.

படித்தவர்கள் இவ்விழாவை இருவிதமாக நடத்திவருகின்றனர். ஒரு சாரார் குருதியைக் கண்டு முகம் திருப்புகின்றனர். மற்றொரு சாரார் இதற்கு உயர்ந்த தத்துவம் கற்பித்துத் துலக்கி வைக்கின்றனர். இரு சாராரும் பாடுபவரின் சொல்லைக் கேட்பதில்லை. பரணிக் களத்தில் பேய்கள் கூழ் அடுவதைச் செயங்கொண்டார் பாடினால் அது இலக்கியம். ஆலங்காட்டு ஈமத்தில் காரைக்கால் அம்மையார் பேயுருவோடு பாடினால் அது திருமுறை. அதே மயானத்தைப் பெண்ணையாற்றங்கரையில் ஒரு பம்பைக்காரர் பாடும்போது மட்டும் அது வெறும் சத்தமாக எண்ணப்படுவது இலக்கியம் அறிந்தோர்க்கு அழகன்று.

பத்தாண்டு நிறைவுறும் ஓர் இலக்கிய வட்டம் ஏற்கத்தக்க பணி இங்கே காத்திருக்கிறது. பணி பெரிதன்று, பொறுமை வேண்டுவது. பாடகரின் இசைவு பெற்று, விழா நெருக்கடி இல்லாத ஒரு நாளில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, முழுப் பாட்டையும் பதிவுசெய்து, சொல்லுக்குச் சொல் எழுதவேண்டும். இடையிடையே வரும் தெலுங்கையும் கன்னடத்தையும் திருத்தலாகாது. இவ்வூரின் நாவே அவ்வாறு கலந்ததுதான். ஒரு பாடகர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் பாடினால் இரண்டையும் எழுதவேண்டும். பாடியவர் பெயரும் அவருக்குக் கற்பித்தவர் பெயரும் நூலின் முகப்பில் நிற்கவேண்டும். எழுதி முடித்த படியின் முதற்பிரதி அவர் கைக்கே போகவேண்டும். வெளியில் சொல்லத் தகாதது என்று அவர் சொல்லும் பகுதி ஏதேனும் இருப்பின் அதனை எழுதாமல் விடுவதே மரியாதை.

எழுதிய பாட்டு பாடும் பாட்டுக்கு ஈடாகாது என்பது உண்மை. மாஸ்கோவில் கிடைத்த ஏடும் எலூசிசின் குரலைத் திருப்பித் தரவில்லை. ஆயினும் அந்த ஓர் ஏடு இருந்ததால்தான், மகளைத் தேடிய ஒரு தாய் கிணற்றடியில் அமர்ந்த கதை பெண்ணையாற்றங்கரை வரை வந்து சேர்ந்தது. அடுத்த மாசி அமாவாசைக்குள் காவேரிப்பட்டினத்துப் பாடகர் ஒருவரின் வருணிப்பேனும் முழுமையாகத் தாளில் ஏறிவிட்டால், இவ்விலக்கிய வட்டத்தின் பதினோராம் ஆண்டு நல்ல முறையில் தொடங்கியதாகக் கொள்ளலாம்.